ராமேஸ்வரம் பக்கம் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் எக்ஸாஸ்ட் வால்வு (புகைக்குழாயில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தட்டு) மூடாமல் எப்போதும் இரைகிறது. வேக்கம் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிட இழுப்பு) கசிவா?

பல கார்களில் வால்வைத் திறந்து வைப்பது ஸ்பிரிங், மூடுவது வேக்கம். அதனால் வேக்கம் போனால் இரைச்சல் கூடும். சில மாடல்களில் இது தலைகீழ். முதலில் அதை உறுதி செய்யுங்கள்.

சைலன்ஸர் ஆறியபின் ஆக்சுவேட்டரின் (வேக்கத்தால் கம்பியை இழுத்து வால்வை அசைக்கும் டப்பா) ஹோஸைக் கழற்றி, கேஜ் வைத்த கை வேக்கம் பம்பை அங்கே மாட்டி 15 முதல் 20 அங்குலப் பாதரசம் (கேஜில் inHg) வரை இழுங்கள். கம்பி நகர வேண்டும், முள் ஒரு நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே இருக்கும் டயாபிரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நின்றும் கம்பி அசையவில்லையா? வேக்கத்தின் மேல் பழி போடாதீர்கள், வால்வுத் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பாம்பன், தனுஷ்கோடி உப்புக்காற்றில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, கையால் அசையுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், அந்தச் சூட்டில் கருகிப் பிசினாகிவிடும்.

ஆக்சுவேட்டர் சரியென்றால், வேக்கம் வரும் இடமான இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) பக்கம் போங்கள். டர்போ இல்லாத நல்ல இன்ஜின், கடல் மட்டத்தில், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) சுமார் 17 முதல் 21 அங்குலம் காட்டும். சோலனாய்டுக்கு (வேக்கத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) முன் அந்த வேக்கம் இருந்து பின்னால் இல்லையென்றால், எக்ஸாஸ்ட் வால்வை மூடச் சொல்லும்போது சோலனாய்டு கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம்.

ஐடிலில் மூடி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும், திறக்கச் சொல்லாமலே திறந்தால், செக் வால்வு (வேக்கம் திரும்பிப் போகாமல் தடுப்பது) அல்லது வேக்கம் டேங்க் (அதைச் சேமிப்பது) கசிகிறது. செக் வால்வில் வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும்.

கழற்றிய ஹோஸை அடைக்காமல் இன்ஜினை ஓட்டாதீர்கள், ஐடில் தடுமாறும்.