வழக்கு எப்ப வைப்பாய் என்று அம்மா கேட்டால்

தங்கச்சி, உம்முடைய கேள்வி வந்து சேர்ந்தபோது நான் தருமபுரத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்தேன். வேடிக்கைதான். விசுவமடுப் பிள்ளை நெதர்லாந்தில் டென் ஹாக்கில் அறை தேடி அலைகிறது. டென் ஹாக்கில் கிழடாகிப்போன நான் விசுவமடுவுக்குப் பக்கத்தில் கச்சான் காற்றில் புழுதி தின்றுகொண்டு பதில் எழுதுகிறேன்.

நீர் கேட்டது இரண்டு. சர்வதேசக் குற்றவியல் சட்டத்தில் முதுமாணி படிக்க வந்திருக்கிறீர், இந்தப் படிப்புக்கு இனி எதிர்காலம் இருக்கிறதா என்பது ஒன்று. போன் எடுக்கிற நேரமெல்லாம் "படிச்சு முடிச்சதும் அண்ணான்ர வழக்கை அந்தக் கோட்டில வைப்பாய்தானே" என்று அம்மா கேட்கிறா, அவவுக்கு என்ன சொல்லுறது என்பது மற்றது. அண்ணா 2009 வைகாசியில் வட்டுவாகலில் ஆமியிடம் கையளிக்கப்பட்டவர் என்றும் எழுதியிருந்தீர்.

இரண்டாவதில் இருந்து தொடங்குகிறேன். அம்மா சொல்லுகிற அந்தக் கோடு டென் ஹாக்கில் இருக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். அங்கே வைக்க ஏலாது. இன்றைய நிலையில் ஏலாது. வகுப்பு தொடங்கி முதல் மாதத்துக்குள் உமக்கே விளங்கும், ஆனால் அதற்கு முதல் ஒருவர் சொல்லித் தெரிவது நல்லது. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனம் 1998 ஆடி (யூலை) 17 இல் ஏற்கப்பட்டது. நான் அகதியாக வந்து இறங்கிய வருசமும் அதுதான். அப்போது ரோம் என்றால் எனக்குப் பாப்பரசர் மட்டும்தான். சாசனம் நடைமுறைக்கு வந்தது 2002 ஆடி 1. இலங்கை அதில் சேரவில்லை. சேராத நாட்டின் மண்ணில் அந்த நாட்டு ஆட்கள் செய்ததைத் தொடுகிற நியாயாதிக்கம், அதாவது விசாரிக்கிற அதிகாரம், அந்த நீதிமன்றத்துக்கு இல்லை.

விலக்குகள் உண்டு. ஐ.நா. பாதுகாப்புச் சபை வழக்கை அனுப்பலாம்: 2005 இல் சூடானின் டார்பூரை அனுப்பியது, 2011 இல் லிபியாவை. 2014 இல் சிரியாவை அனுப்பப் பார்த்தபோது ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டன. எங்கள் விசயத்தில் யார் கை தூக்குவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாடே விரும்பிப் பின்தேதியிட்டு நியாயாதிக்கத்தை ஏற்கலாம். கொழும்பில் அதைச் செய்கிற அரசாங்கத்தை நான் இன்னும் காணவில்லை. பிறகு ஒரு சின்ன யன்னல். மியன்மாரும் சாசனத்தில் இல்லை, ஆனால் ரோகிஞ்சா மக்கள் துரத்தப்பட்டு விழுந்தது பங்களாதேசில், அது உறுப்பு நாடு. குற்றத்தின் ஒரு பகுதி அங்கே நடந்தது என்று 2018 இல் நீதிபதிகள் சொன்னார்கள். அந்தத் தீர்மானத்தை நீர் கட்டாயம் வரிக்கு வரி படியும். ஆனால் வட்டுவாகல் பாலத்துக்கு இரண்டு பக்கமும் இலங்கைதான்.

அம்மாவுக்குப் படம் அனுப்பும்போதும் கவனம். கோபுரம் வைத்த அந்த அழகான கட்டடம் சமாதான மாளிகை, 1913 இல் திறந்தது. அங்கே நாடுகள் நாடுகளோடு வழக்காடும். தனி ஆட்களை விசாரிக்கிறது கடற்கரை மணல்மேட்டுப் பக்கம் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கிற மற்றது. ஊரில் இரண்டையும் ஒன்றாக்கி "ஹேக்" என்பார்கள். வெளிப்படையான விசாரணை நாளில் அடையாள அட்டையோடு போய் பார்வையாளர் பகுதியில் இரும். இரண்டு மணித்தியாலம் ஒரு கடிதத்தின் தேதியைப் பற்றியே கதைப்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பாளர்கள் மாறி மாறி இருப்பார்கள். தொலைக்காட்சியில் பார்த்த கோடு இல்லை அது.

அப்ப ஏன் படிக்க வேண்டும்? நான் சட்டத்தரணி இல்லை. வெஸ்ட்லாண்ட் கண்ணாடி வீடுகளில் தக்காளி ஆய்ந்து, இரவில் டச்சு படித்து, பிறகு மொழிபெயர்ப்பாளன் ஆனவன். அகதி வழக்குகளில் எங்கள் சனத்தின் வாயாக இருந்து பழகியதில் ஒன்று தெரியும்: வழக்குகள் பெரிய சொற்களில் தோற்பதில்லை. சின்னதில் தோற்கும்.

ஒன்று சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்து ஐயா ஒருவர். மகனைப் பிடித்துக்கொண்டு போனது "பொங்கலுக்கு முதல் கிழமை" என்று முதல் விசாரணையில் சொல்லியிருக்கிறார். ஊர் தெரியாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதைத் தை மாதம் என்று மாற்றிவிட்டார். கையில் இருந்த கடிதமோ வைகாசி என்றது. தேதி முரண், ஆள் நம்பத்தகாதவர் என்று எழுதி மூடிவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு என்னைக் கூப்பிட்டபோதுதான் கடதாசியைப் பார்த்தேன். முல்லைத்தீவில் மாதம் சொல்லாமல் பொங்கல் என்றால் அது வற்றாப்பளைப் பொங்கலாகவும் இருக்கும், அது வைகாசியில் வருகிறது என்று உமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்த ஒரு சொல்லைத் திருத்த ஒன்றரை வருசம் போனது.

இது அகதி வழக்கு. குற்றவியல் வழக்கில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இப்படி ஒன்று கிடைத்தால் போதும். எங்கள் அம்மாமார் ஒரே கதையை எத்தனை மேசையில் சொல்லியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாரும். நல்லிணக்க ஆணைக்குழு, அதற்குப் பிறகு வந்த ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம், ஜெனீவா, வந்த தொண்டு நிறுவனம், வந்த பத்திரிகைக்காரர். ஒவ்வொருவரும் தன் பாணியில் எழுதினார்கள். ஒன்றில் நீலச் சட்டை, மற்றதில் வெள்ளை. ஒன்றில் "காணாமல் போனவர்", மற்றதில் "காணாமல் ஆக்கப்பட்டவர்". அந்த அரச அலுவலகத்தின் பெயரிலேயே இன்னும் "காணாமற்போன" என்றுதான் இருக்கிறது. போனவரைத் தேடினால் போதும். ஆக்கப்பட்டவர் என்றால், ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். இந்த ஒரு வினைச்சொல்லை எந்த மொழிக்கும் சேதமில்லாமல் கொண்டுபோகத் தெரிந்தவர் எங்களுக்குள் எத்தனை பேர்?

நீர் படிக்க வேண்டியது இதைத்தான். சான்று எப்படிச் சேர்ப்பது, எப்படிப் பழுதாக்காமல் வைப்பது, கீழே உள்ளவர் செய்ததற்குத் தளபதி பதில் சொல்லுகிற கட்டளைப் பொறுப்பை மேலே எந்தப் படிவரை நிறுவலாம், கொங்கோவின் முன்னாள் துணை சனாதிபதி பெம்பாவை 2016 இல் குற்றவாளியாகக் கண்டு 2018 இல் ஏன் விடுவித்தார்கள். இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற காணொளி, படங்களைச் சான்றாக்குவது பற்றி 2020 இல் பேர்க்லி நெறிமுறை என்று ஒன்று வெளிவந்தது. முல்லைத்தீவில் இருந்து வந்தவர்களுக்கு அது பாடப்புத்தகம்.

அந்த வேலை போய்ச் சேரும் இடமும் இருக்கிறது. 2022 தை மாதம் ஜேர்மனியில் கொப்ளென்ஸ் நீதிமன்றம் அன்வர் றஸ்லான் என்ற சிரியப் புலனாய்வு அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சிரியாவும் ரோம் சாசனத்தில் இல்லை. அவர் தானே தஞ்சம் கேட்டு ஜேர்மனிக்கு வந்து இருந்தவர். அவரால் முன்பு பிடிக்கப்பட்ட ஒருவரே பெர்லினில் அவரை அடையாளம் கண்டார். குற்றம் எங்கே நடந்தாலும் இன்னொரு நாடு விசாரிக்கலாம்; உலகளாவிய நியாயாதிக்கம் என்று படிப்பீர், அது இதுதான். எங்களுக்கும் 2021 இல் மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானத்தால் சான்று சேர்த்துப் பாதுகாக்கிற ஒரு பிரிவு ஜெனீவாவில் உருவானது. என்றைக்கோ, எந்த நாட்டு விமான நிலையத்திலோ ஒருவர் நிற்கும்போது, கோப்பு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. டென் ஹாக் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பு, 2012, கொங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் லுபங்கா. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்தது குற்றம். வன்னியில் வளர்ந்த உமக்கு அந்த வகுப்பு இலேசாக இராது. 2015 இல் வந்த ஐ.நா. விசாரணை அறிக்கையிலும் செல்லடிக்கும் கையளிக்கப்பட்டவர்களுக்கும் ஒரு பக்கம் என்றால், இயக்கத்தின் ஆட்சேர்ப்புக்கு இன்னொரு பக்கம் உண்டு. பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளை உம்மைப் பார்த்துக் கேட்கும். கோபப்படாமல் வாசியும். எங்கட வீட்டிலும் வீட்டுக்கொருவர் என்று ஒரு பிள்ளை போனது. அதற்கு மேல் இதில் எழுத மாட்டேன்.

எதிர்காலம் பற்றி: ஆடுகிறது. 2025 இல் அமெரிக்கா அந்த நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் மீதே தடை போட்டது, ஹங்கேரி விலகுகிறோம் என்றது. புட்டினுக்கு 2023 இலும் நெதன்யாகுவுக்கு 2024 இலும் பிடியாணை, இருவரும் வெளியே. அதே 2025 பங்குனியில் பிலிப்பைன்ஸின் முன்னாள் சனாதிபதி டுட்டெர்ட்டேயைப் பிடித்து டென் ஹாக்குக்குக் கொண்டுவந்தார்கள். பிலிப்பைன்ஸ் 2019 இலேயே விலகிய நாடு. அவர் 2016 இல் பதவிக்கு வந்து போதைப்பொருள் ஒழிப்பு என்று கொலைகள் தொடங்கியதில் இருந்து, பிள்ளைகளை இழந்த மணிலாத் தாய்மார் ஒன்பது வருசம் என்ன செய்தார்கள் என்று தேடிப் பாரும், உமக்குப் பயன்படும்.

சாப்பாட்டுக் கதைக்கு வருவோம். இந்தத் துறையில் உள்ளகப் பயிற்சி பெரும்பாலும் சம்பளம் இல்லாதது. வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல் என்று சொல்வேன், கோபிக்காதையும். மாணவர் விசாவில் கிழமைக்கு 16 மணித்தியாலம்தான் வேலை, அதற்கும் முதலாளி அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே அகதிச் சட்டத்திலும் ஒரு பாடம் எடும், அதில்தான் ஆரம்பத்தில் சோறு வரும். பிரெஞ்சு இன்றைக்கே தொடங்கும்; அந்த நீதிமன்றத்தின் வேலை மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். மாநகர சபையில் முகவரி பதிய விடாத அறைக்கு ஒரு சதமும் கட்டாதையும். மரவள்ளி, பயிற்றங்காய், பாகற்காய் எல்லாம் ஹாக்ஸ மார்க்டில் சுரினாம்காரரிடம் மலிவு. திங்கள், புதன், வெள்ளி, சனி. பின்னேரம் போனால் இன்னும் மலிவு.

கொஞ்ச நாளில் எங்கட ஆட்களும் உம்மைத் தேடி வருவார்கள். "சட்டம் படிக்கிற வன்னிப் பிள்ளை" என்று மேடையில் ஏற்றப் பார்ப்பார்கள். முதல் வருசம் ஏறாதையும். படிக்கிற நேரம் அது.

அம்மாவுக்கு இனி. பொய் சொல்லாதையும், "அங்க வைப்பன்" என்று சொல்லாதையும். ஆனால் சட்டத்தில் இருக்கிற ஒன்றை அப்படியே சொல்லலாம்: ஆள் என்ன ஆனார் என்று தெரியும்வரை காணாமல் ஆக்கிய குற்றம் முடிவதில்லை. அது நேற்றும் நடந்தது, இன்றைக்கும் நடக்கிறது. அம்மாவுக்கு இது உமக்கு முதலே தெரியும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 மாசி 20 இல் குந்திய தாய்மார் சட்டம் படித்துவிட்டு வந்து குந்தவில்லை.

அம்மாவின் வாக்குமூலத்தை நீரே போனில் பதிய வேண்டாம், இன்னொரு நீலச் சட்டையாகிவிடும். கடதாசிகளை மட்டும் பாரும்: ஆணைக்குழுக்கள் தந்த பற்றுச்சீட்டு, செஞ்சிலுவைச் சங்க அட்டை, மெனிக் பாம் முகாம் பதிவு. எங்கட சனம் பத்திரமாக இருக்கட்டும் என்று ரவுணுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் லமினேற் பண்ணிவிடும். அது மூலத்தைப் பழுதாக்கும் வேலை. அண்ணாவின் படமும் அப்படி; ஸ்ரூடியோவில் கோட்டும் ரையும் போட்டுப் பெருப்பித்தது சுவரில் தொங்கட்டும், வெட்டாத பழைய படம் எங்கே என்று கேளும்.

சனிக்கிழமை மூங்கிலாறுப் பக்கம் போகிறேன். அம்மா ஓம் என்றால் போகும் வழியில் வந்து கடதாசிகளைத் தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து உமக்கு அனுப்புவேன். ஒன்றும் விசாரிக்க மாட்டேன். ஆவணிக் கடைசியில் திரும்புகிறேன், மிளகாய்த்தூள் தரலாம் என்று சொல்லும். இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். அக்கா ஏற்கெனவே பனங்கிழங்கு ஒடியலால் பெட்டியை நிரப்பிவிட்டா.