ராட்டின பயம்: மாத்திரையும் வேண்டாம், கேம்ப்பும் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 38. ஓசூரில் இருக்கிறோம். போன வருடம் பெங்களூரு வொண்டர்லாவில் ‘ரீகாய்ல்’ ரோலர் கோஸ்டரில் ஏற என் மகனுடன் (13 வயது) முக்கால் மணி நேரம் கியூவில் நின்றேன். கேட் வரை போனதும் கை கால் நடுங்கித் திரும்பி வந்துவிட்டேன். அவன் தனியாகப் போய் வந்தான். அன்றிலிருந்து வீட்டில் ஒரே கேலி. இந்த மே விடுமுறையில் கொழுந்தனார் குடும்பத்தோடு மறுபடி போகிறோம். எப்படியாவது ஏறிவிட வேண்டும். ‘இரண்டே நாளில் பயத்தை வேரோடு பிடுங்குகிறோம்’ என்று ஒரு கேம்ப் விளம்பரம் பார்த்தேன், 7,500 ரூபாய். தெரிந்த மெடிக்கல்காரர் ‘ஒரு மாத்திரை போட்டுட்டு ஏறுங்க, ஒண்ணும் தெரியாது’ என்கிறார். எது நல்லது? பள்ளியில் பிரேயரில் நிற்கும்போது ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறேன். தலைகீழாகப் போகும்போது நெஞ்சு நின்றுவிடாதா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. அந்த 7,500 ரூபாயில் குடும்பத்தோடு நன்றாகச் சாப்பிடுங்கள். ஆனால் ரைடுக்கு முன்னால் பிரியாணி சாப்பிட்டுவிடாதீர்கள், அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நெஞ்சு விஷயம். ஜெர்மனியில் மான்ஹைம் நகர இதய மருத்துவர்கள் ஆரோக்கியமான 55 பேருக்கு இ.சி.ஜி. கருவியை மாட்டி, மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் போகும் ஒரு ரோலர் கோஸ்டரில் ஏற்றிப் பார்த்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 91 இருந்த துடிப்பு 153-க்குப் போனது. வேகத்தையும் ஆட்டத்தையும்விட, பயமும் மன அழுத்தமும்தான் இதற்குப் பெரிய காரணம் என்பது அவர்கள் கணிப்பு. 153 என்பது பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது உங்கள் நெஞ்சு அடிக்கும் அடிதான். பஸ்ஸுக்கு ஓடும்போது ‘நெஞ்சு நின்றுவிடுமோ’ என்று யாரும் நினைப்பதில்லை, ஏனென்றால் காரணம் தெரியும். கியூவில் சும்மா நிற்கும்போது அதே அடி அடித்தால் காரணம் தெரியாமல் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றத்தில் துடிப்பு இன்னும் ஏறுகிறது. நீங்கள் ரைடுக்குப் பயந்து திரும்பியதாக வீட்டில் நினைக்கிறார்கள். உங்கள் உடம்பு செய்ததைப் பார்த்துப் பயந்துதான் திரும்பினீர்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. திரும்பி நடந்த அந்த நிமிடம் ‘அப்பாடா’ என்று இருந்திருக்குமே? அந்த அப்பாடாதான் வினை. ‘தப்பித்ததால்தான் பிழைத்தோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டது. இந்த ஒரு வருடமாக அந்தக் கணக்குக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

மெடிக்கல்காரர் தரும் மாத்திரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று அல்பிரசோலம், பதற்றத்தை அடக்கித் தூக்கக் கலக்கம் தரும் மாத்திரை. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. யாருக்குக் கொடுத்தார், எந்த டாக்டர் எழுதினார் என்று தனி ரெஜிஸ்டரில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014-லிருந்து சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, ரெஜிஸ்டரும் இருக்கிறது, மாத்திரை மட்டும் தன் பாட்டுக்குக் கவுன்ட்டரைத் தாண்டி வந்துகொண்டேயிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் ஏறிவிடுவீர்கள், உண்மைதான். ஆனால் ‘மாத்திரை இருந்ததால் ஏறினேன்’ என்றுதான் மூளை படிக்கும். அடுத்த முறை மாத்திரை இல்லாமல் கேட்டைப் பார்த்தாலே நடுக்கம் வரும். போதாக்குறைக்கு, அரைத் தூக்கத்தில் இருப்பவருக்குக் தன் கழுத்தை ஆடாமல் விறைப்பாக வைத்துக்கொள்ளத் தெரியாது.

மற்றொன்று பிரோப்ரனலால். மேடை நடுக்கத்துக்கு மனநல மருத்துவர்களான நாங்களே எழுதுவதுதான். ஆனால் வீசிங் உள்ளவர் போட்டால் மூச்சுக்குழாய் சுருங்கிவிடலாம். ‘உங்களுக்கு வீசிங் இருக்கா?’ என்று கேட்டுவிட்டுத் தருகிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேம்ப் கதை எனக்கு அத்துப்படி. முதல் நாள் ஏ.சி. ஹாலில் கண்ணை மூடச் சொல்லி ‘ஆழ்மனம்’ பேசுவார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் உடைந்த பாட்டில் துண்டுகள் மேல் நடக்க விடுவார்கள், எல்லாரும் கை தட்டுவார்கள், கழுத்தில் ஒரு மெடல். அந்த வேகம் ஊர் பஸ் ஸ்டாண்டு வரை தாங்கும். லிஃப்டில் ஏறப் பயந்த ஒரு வங்கி ஊழியர் இப்படி மெடல் வாங்கிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை என் அறைக்கு மூன்று மாடி படியேறி மூச்சு வாங்க வந்தார். மெடலையும் காட்டினார். கண்ணாடி மேல் நடந்தவருக்குக் கண்ணாடி பயம் போயிருக்கலாம், லிஃப்ட் அங்கேயேதான் இருக்கிறது. யாராவது பணம் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு. ‘சர்டிஃபைடு மைண்ட் கோச்’ என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. என் ஓ.பி.யில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் அது நல்ல நாள். அந்தக் காலி இடத்தில்தான் இவர்கள் ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள்.

அடுத்தது கொழுந்தனார். ‘கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உட்கார வெச்சா தெளிஞ்சிடும்’ என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். தெளியாது, இன்னும் ஆழமாக இறங்கும். தானாக விரும்பி எடுத்து வைக்கும் அடிதான் பயத்தைக் குறைக்கும். போகும் முன்னாலேயே அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இன்றிலிருந்து வீட்டில் தினமும் பத்து நிமிடம். மாடிப்படியில் ஒரு நிமிடம் வேகமாக ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போது சும்மா உட்காருங்கள். தண்ணீர் குடிக்க ஓடாதீர்கள், நாடி பிடித்துப் பார்க்காதீர்கள். அது தானாக அடங்குவதைக் கவனியுங்கள். பிறகு சுழலும் நாற்காலியில் மகனைச் சுற்றிவிடச் சொல்லுங்கள், தலை சுற்றட்டும். பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சல் இருந்தால் வெட்கப்படாமல் ஆடுங்கள், உயரத்திலிருந்து கீழே வரும்போது வயிறு ‘ஜிவ்’ என்று எழும்புமே, அதுதான் நமக்கு வேண்டியது. அது ஆபத்தின் அறிகுறி இல்லை. உடம்பு விழும்போது, அதுவரை கீழே இழுபட்டுக்கொண்டிருந்த வயிறும் குடலும் லேசாகி மேலே மிதக்கின்றன, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அந்த ‘ஜிவ்’ உங்களுக்குப் பழகிய விருந்தாளி ஆகிவிடும்.

‘ஆழமா மூச்சை இழு’ என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்காதீர்கள். பயத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், இன்னும் இழுத்தால் விரல் மரத்துப்போய்க் கண் இருட்டும். மூக்கால் சாதாரணமாக இழுத்து, சூடான காபியை ஊதுவது போல மெதுவாக, நீளமாக விடுங்கள். விடுவதில்தான் சங்கதி.

போகும் நாளில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், அதுவும் வார நாளில். முக்கால் மணி நேரக் கியூதான் போன வருடம் உங்களைக் கவிழ்த்தது. எடுத்த எடுப்பில் ரீகாய்லுக்குப் போகாதீர்கள். பெரும்பாலான பூங்காக்களில் ஆடும் கப்பல் இருக்கும், நம் ஊரில் கொலம்பஸ் என்போமே, அதுதான் உங்கள் பள்ளிக்கூடம். முதலில் நடு வரிசை. அங்கே ஆட்டம் குறைவு. ஏறும் முன் ‘பயம் நூற்றுக்கு எவ்வளவு? என்ன ஆகும் என்று நினைக்கிறேன்?’ என்று போனில் ஒரு வரி எழுதுங்கள். ‘80, மயங்கி விழுந்துவிடுவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். இறங்கியதும் என்ன ஆனது என்று அதன் கீழேயே எழுதுங்கள். உடனே மறுபடி ஏறுங்கள். பிறகு ஒரு வரிசை தள்ளி, பிறகு கடைசி வரிசை. எண்பது பூஜ்யமாக வேண்டியதில்லை. எழுதியது நடக்கவில்லை என்று மூளை பார்க்க வேண்டும், அதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

அப்புறம் ரீகாய்ல். அதில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வண்டியைப் பின்பக்கமாக மெதுவாக மேலே இழுப்பார்கள். தரையைப் பார்த்தபடி தொங்குவீர்கள். அந்தச் சில விநாடிகள்தான் மொத்த ரைடிலேயே மோசமானவை, அங்கே எதுவுமே நடக்காது என்பதுதான் வேடிக்கை. விட்டதும் சுழற்சிகளைக் கடந்து எதிர்க் கோபுரத்தில் ஏறி நிற்கும். ‘முடிந்தது’ என்று நினைக்கும்போது அதே பாதையில் பின்னோக்கித் திரும்பி வரும். இது தெரியாதவர்கள்தான் இரண்டாவது முறை அலறுகிறார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் முறை நடு இருக்கை கேளுங்கள். தலையின் பின்புறத்தை இருக்கையோடு ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் தோளுக்கு மேல் வரும் பூட்டில் காது இடிக்கும். கண்ணை மூடாதீர்கள். மூடினால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்லும், கண் ஒன்றும் சொல்லாது, சிலருக்குக் குமட்டல் அங்கிருந்து வரலாம். விழும்போது வயிற்றை இறுக்கிக்கொண்டு கத்துங்கள். கத்துவதும் மூச்சை விடுவதுதான், அதனால் கூச்சமே வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, பிரியாணியும் ஆகாது.

இப்போது உங்கள் மயக்கம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பிரேயரில் நின்று, வியர்த்து, கண் மங்கி, மெதுவாகச் சரிந்தீர்கள் என்றால் அது பள்ளிக்குப் பள்ளி நடப்பது, பயமில்லை. ஆனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஓடும்போதோ, நீந்தும்போதோ, யாராவது திடீரென்று பயமுறுத்தும்போதோ, அலாரம் அடிக்கும்போதோ ‘டப்’பென்று விழுந்திருந்தால் கதை வேறு. அல்லது உங்கள் ரத்த சொந்தத்தில் யாராவது இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், தூக்கத்தில் போய்விட்டார் என்றோ, நீச்சல் தெரிந்தும் கிணற்றில் மூழ்கிவிட்டார் என்றோ சொன்னால், ரைடைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு இ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுங்கள். சிலருக்குப் பிறவியிலேயே இதயம் ஒரு துடிப்பு முடிந்து அடுத்ததற்கு மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ள அதிக நேரம் எடுக்கும். இ.சி.ஜி.யில் ‘க்யூ.டி.’ என்ற இடைவெளி நீண்டு தெரியும். அப்படிப்பட்டவருக்குத் திடீர் பயம் துடிப்பைத் தாறுமாறாக்கிவிடலாம். குமட்டலுக்கு நாமாக வாங்கிப் போடும் டோம்பெரிடோன், ஆன்டான்செட்ரான் மாத்திரைகளும் அதே இடைவெளியை நீட்டக்கூடியவை, அதனால் ‘ரைடுக்கு முன்னால் ஒரு வாந்தி மாத்திரை’ என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். தாயின் உடன்பிறந்தவர், தந்தையின் உடன்பிறந்தவர் என்று ஒவ்வொருவராக வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எதுவும் இல்லையென்றால் இ.சி.ஜி.கூடத் தேவையில்லை. எடுப்பதானால் அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ‘எக்கோ, டி.எம்.டி. எல்லாம் சேர்த்துப் பேக்கேஜ் போடுறோம்’ என்று லேப்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதுகு, கழுத்து, கர்ப்பம், பிரஷர் எல்லாம் ரைடு வாசல் போர்டில் எழுதியிருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ராட்டினத்தைப் பார்த்துப் பயப்படுவது எப்போதும் நோய் அல்ல. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா பூங்காவில் ஊசல் ரைடு முறிந்து விழுந்து உயிர்கள் போயின. இவற்றுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரு வாரம் சீல் வைப்பார்கள், அப்புறம் அடுத்த விபத்து வரை அமைதி. பொருட்காட்சிக்கு லாரியில் வந்து ஒரே ராத்திரியில் பூட்டிய ராட்டினத்தைப் பார்த்து உங்கள் வயிறு கலங்கினால் வயிறு சொல்வதைக் கேளுங்கள், பயிற்சிக்குக்கூட அங்கே ஏற வேண்டாம். நிரந்தரப் பூங்காவில் ‘காலையில் ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தீர்களா?’ என்று ஊழியரிடம் கேட்கலாம். பூட்டை அவர் ஒவ்வொன்றாகக் கையால் இழுத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இழுத்துப் பார்த்தால் அதற்குமேல் ஆராயாதீர்கள். மறுபடி மறுபடி கேட்பதும் பயத்துக்குத் தீனிதான்.

அன்றைக்கு ஏற முடியாமல் போனால், கொலம்பஸில் எத்தனை வரிசை தாண்டினீர்கள் என்று மட்டும் மகனிடம் சொல்லுங்கள். மறுபடி போகலாம், வொண்டர்லா இருக்கும் பிடதி ஒன்றும் ஓடிவிடாது. ஆனால் ரைடில் மட்டுமில்லாமல் லிஃப்ட், மேம்பாலம், கூட்டமான பஸ் என்று எல்லா இடத்திலும் இந்தப் படபடப்பு வருகிறதென்றால் அது வேறு விஷயம், இந்தப் பதில் அதற்குப் போதாது. 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். லைன் கிடைக்கவில்லையென்றால் விடாமல் மறுபடி போடுங்கள்.