தம்பிக்கு 16 வயது, விடிய விடிய போனில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறான். இது நோயா, வெறும் பொழுதுபோக்கா? போனைப் பறிக்கலாமா?

மணித்தியாலத்தை மட்டும் எண்ணி முடிவெடுக்காதீர்கள். பள்ளி விடுமுறையில் நாள் முழுக்க விளையாடும் பொடியன்கள் பலர் தவணை தொடங்கியதும் தாமாகவே குறைத்துவிடுவார்கள். குறைக்க நினைத்தும் முடியாதவனைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இப்படிக் கேமுக்கு அடிமையாவதும் ஒரு நோயாக இருக்கிறது. அங்கேயும் மணிக்கணக்கு கிடையாது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேம் வந்து நிற்பது, கெடுதல் நடந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்துப் படிப்பையும் வீட்டையும் பாதிப்பது. அதையும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நானோ நீங்களோ இல்லை.

நான் திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். அதனால் காசுப் பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். "அண்ணா, டைமண்ட் போட ஏலுமா?" என்று வருவார்கள், கையில் டியூஷன் காசு. கேம் இலவசம்தான், கம்பெனிக்கு வருமானம் இந்த டைமண்டில், அதாவது நிஜக் காசு கொடுத்து வாங்கிக் கேமுக்குள் செலவழிக்கும் காசில். துப்பாக்கிக்கு ஸ்கின் என்ற புதுத் தோற்றம், ஆளுக்கு உடுப்பு. சிலதை நேரே வாங்கவும் முடியாது, காசு கட்டிச் சுழற்ற வேண்டும், விழுந்தால் விழும். இதைச் சூது என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018இலேயே சொல்லிவிட்டது. சீருடையோடு வருபவனுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. அவன் அடுத்த கடைக்குப் போவான், அது வேறு கதை.

நித்திரை கெடுவதில் டேட்டா பெக்கேஜுக்கும் பங்கிருக்கிறது. நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு பாவிக்கவென்று தனியாக டேட்டா தரும் பெக்கேஜ்கள் இங்கே நிறைய. அப்டேட் இறக்கத்தான் முழித்திருக்கிறேன் என்பான், அப்புறம் விடிந்துவிடும். தம்பியின் பெக்கேஜ் எது என்று ஒருமுறை பாருங்கள்.

போனைப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்குவாட் என்று அணியாகச் சேர்ந்து விளையாடினால் நான்கு பேர். இவன் நடுவில் எழும்பினால் மற்ற மூவரும் ஏசுவார்கள், அவர்கள் அநேகமாக அவன் வகுப்புப் பொடியன்கள்தான். "இந்த மெட்ச் முடிய வா" என்று சொல்லிப் பாருங்கள், ஃப்ரீ ஃபயரில் ஒரு மெட்ச் பெரும்பாலும் கால் மணித்தியாலத்துக்கு மேல் போகாது. இரவில் மட்டும் போன் அறைக்கு வெளியே இருக்கட்டும். அதுவும் வீட்டில் எல்லாருடைய போனும். அப்பா கட்டிலில் கிடந்து யூடியூப் பார்த்தால் அவன் கேட்கமாட்டான்.

பள்ளிக்கூடம் போக மறுத்தால், கேட்டதற்குக் கைநீட்டினால், வீட்டுக் காசு காணாமல் போனால் ஓ.எல். பரீட்சை முடியட்டும் என்று பொறுக்க வேண்டாம். பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அவன் வரமாட்டேன் என்றாலும் பரவாயில்லை, முதலில் நீங்கள் மட்டும் பேசலாம்.