கலையாத படை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி ஏந்திய உழவர்களின் வீரமே பிரிட்டிஷ் பேரரசை வீழ்த்தியது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். தாங்களோ, வாஷிங்டன் வென்ற களங்களைவிடத் தோற்ற களங்களே அதிகம் என்கிறீர்கள். தோற்றவர் வென்றது எப்படி?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

1775 ஏப்ரலில், போர் தொடங்கிய லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றவர்களில் பெரும்பாலோர் உழவர்கள்தாம். அவர்களுடைய வீரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அறுவடைக் காலத்தில் வீடு திரும்பிவிடும் ஊர்ப்படையை மட்டும் நம்பி எட்டாண்டுப் போரை நடத்த முடியாது. 1776இல் நியூயார்க்கை இழந்த பிறகும், அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் பாசறையில் ஏறத்தாழ 2,000 பேரை நோய்க்குப் பறிகொடுத்த பிறகும், தம் படை கலைந்துபோகாமல் காத்ததே வாஷிங்டனின் பெருஞ்செயல். பிரிட்டிஷார் அமெரிக்கரின் தலைநகரான பிலடெல்பியாவையே பிடித்தார்கள். மறு ஆண்டே விட்டு விலகினார்கள். மடிந்த ஒவ்வொரு பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் மாற்றாள் அட்லாண்டிக்கைக் கடந்து வரவேண்டியிருந்தது.

இதை ஆழமாக உணர்ந்தவர், தெற்கே படை நடத்திய அமெரிக்கத் தளபதி நத்தானியேல் கிரீன். இந்தப் போரில் என்னை மிகவும் வியக்கவைப்பவர் அவரே. 1781 மார்ச்சில் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் பின்வாங்கியவர் அவர்தான். ஆனால் வென்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸோ, தம் வீரர்களில் ஏறத்தாழக் கால்பங்கினரை இழந்து, உள்நாட்டில் நிலைகொள்ள முடியாமல் கடற்கரைக்கு நகர்ந்து, இறுதியில் வர்ஜீனியாவின் யார்க்டவுனில் முடங்கினார்.

அங்கே கதையை முடித்துவைத்தது கடல். 1777இல் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்காயினின் படை சரணடைந்ததைக் கண்ட பிரான்ஸ், அதுவரை மறைவாக வெடிமருந்து அனுப்பிவந்த நிலையை மாற்றிக்கொண்டு, 1778 பிப்ரவரியில் அமெரிக்கருடன் வெளிப்படையாகவே உடன்படிக்கை செய்துகொண்டது. 1781 செப்டம்பர் 5 அன்று செசபீக் வளைகுடாவின் வாயிலில் பிரெஞ்சுத் தளபதி த கிராஸ் பிரிட்டிஷ் கப்பல்களைத் தடுத்து நிறுத்தியதால் கார்ன்வாலிஸுக்குத் தப்பும் வழி அடைபட்டது. நிலத்திலும் வாஷிங்டனுக்குத் துணையாக ரோஷாம்போவின் பிரெஞ்சுப் படை நின்றது. அக்டோபர் 19இல் 7,000க்கும் மேற்பட்டோர் சரணடைந்தனர். கிரீனின் பொறுமை இல்லையென்றால் கார்ன்வாலிஸ் அந்த மூலைக்கு வந்திருக்கமாட்டார்; பிரெஞ்சுக் கப்பல்கள் இல்லையென்றால் அங்கே அகப்பட்டிருக்கமாட்டார்.

பிரான்ஸ் நுழைந்ததும் போர் நம் கரைக்கும் வந்தது. 1783 ஜூனில் பிரெஞ்சுப் படையின் வசமிருந்த கடலூரை பிரிட்டிஷார் முற்றுகையிட்டிருந்தார்கள். கடலில் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸின் கப்பல்களை பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் விரட்டினார். ஐரோப்பாவில் அவ்வாண்டு ஜனவரியிலேயே ஏற்பட்டிருந்த சமாதானத்தின் செய்தி வந்து சேர்ந்த பிறகுதான் கடலூரில் பீரங்கிகள் ஓய்ந்தன.

அன்புடன்.