அப்பா எப்போதும் "ரெண்டு" என்கிறார், மூச்சுத் திணறலுக்கு எப்படி மார்க் போடுவது?

நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு 61 வயது. இளமையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடியவர், இப்போது பல வருடமாக முட்டு வருத்தம் (ஆஸ்துமா). கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது பக்கத்தில் நடப்பவருக்கே இழுப்புச் சத்தம் கேட்கிறது. ஆனால் கிளினிக்கில் "மூச்சுக் கஷ்டம் பத்துக்கு எத்தனை?" என்றால் எப்போதும் "ரெண்டு" என்கிறார். விரலில் மாட்டும் மெஷினும் 97, 98 காட்டுகிறது. அவர் சொல்வதை நம்புவதா, என் காதை நம்புவதா?

இரண்டையும் நம்புங்கள். அப்பா பொய் சொல்லவில்லை. மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது ஒரு அளவு, அதை மூளை எவ்வளவு உணர்கிறது என்பது வேறு அளவு, இரண்டும் எல்லோருக்கும் ஒன்றாகப் போவதில்லை. முட்டு வந்து சாகக் கிடந்து தப்பியவர்களை 1994இல் ஜப்பானில் ஆராய்ந்தார்கள். தடை வைத்த குழாயால் மூச்செடுக்கச் சொன்னால், மற்றவர்கள் திணறும் இடத்தில் இவர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அதனால் "ஒன்பது" என்று அலறுகிறவரை விட "ரெண்டு" என்று சும்மா இருப்பவரைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன், அலறுகிறவர் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்.

அந்தப் பத்து, சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல். 0 என்றால் ஒன்றுமே இல்லை, 0.5 மட்டுமட்டாகத் தெரிகிறது, 3 நடுத்தரம், 5 கடுமை, 10 உச்சம். சரி, உச்சம் என்றால் எது? அதை அப்பாவிடம் யாராவது சொன்னார்களா? சுழியோடி மேலே வரும் கடைசி நொடிகளில் காற்று, காற்று என்று நெஞ்சு கிடந்து துடிக்குமே, அவருடைய மனதில் அதுதான் பத்தாக இருக்கலாம். அப்படிப் பார்த்தால் மலையேறும்போது வருவது அவருக்கு ரெண்டுதானே! உங்கள் ரெண்டும் அவர் ரெண்டும் ஒன்றில்லை. அவருடைய இன்றைய இலக்கத்தை அவருடைய போன மாத இலக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், அதுவும் அதே படி, அதே வேகம் என்றால்தான்.

இன்னொன்று, "மூச்சு முட்டுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். காற்றுப் போதவில்லையா, இழுத்து விடுவதே பாடாக இருக்கிறதா, நெஞ்சு இறுக்குகிறதா என்று பிரித்துக் கேளுங்கள். இவை மூன்றும் வேறு வேறு உணர்வுகள். முட்டுக்காரர் பலருக்கு முதலில் வருவது இறுக்கம்தான், அதை அவர்கள் மூச்சுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நடத்தையையும் பாருங்கள். சமதரையில் சம வயதுக்காரரோடு நடந்தால் பின்தங்குகிறாரா? நூறு மீட்டர் போனதும் வலை பார்க்கிற சாட்டில் நிற்கிறாரா? மனிதர் தனக்குத் தெரியாமலே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ரெண்டிலேயே நிற்கப் பழகிவிடுவார்.

வீட்டில் செய்யக்கூடிய நல்ல அளவீடு ஒன்று உண்டு. பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்குங்கள், எவ்வளவு வேகமாக ஊதுகிறார் என்று காட்டும் பிளாஸ்டிக் குழாய்தான், விலை பெரிதில்லை. காலையும் மாலையும் ஊதுவதற்கு முன் "இன்றைக்கு எவ்வளவு வரும்?" என்று அப்பாவையே கேட்டு, அந்த ஊகத்தைக் கொப்பியில் எழுதுங்கள், பிறகு மூன்று தரம் ஊதவிட்டு கூடியதைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு கிழமை போதும். அவர் 380 என்று சொல்லிச் சொல்லி 260 தான் வருகிறதென்றால், அவருடைய உணர்வு பிந்தி வருகிறது. அப்படிப்பட்டவர் நெஞ்சு சொல்லும்வரை காத்திருக்காமல் மீட்டரைப் பார்த்தே மருந்து எடுக்க வேண்டும், எந்த அளவில் என்ன எடுப்பது என்று டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் அப்பா அங்கேயும் "ரெண்டு" என்றுதான் சொல்வார்.

விரல் மெஷின் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்பதை மட்டும்தான் காட்டும். மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கும்போது உடம்பு வேகமாக மூச்செடுத்து அதைச் சமாளித்துவிடும், ஆகவே 98 இருக்கும்போதே ஆள் மோசமாகலாம். அடக்கிய மூச்சில் வரும் தவிப்புக்கும் பெரும்பங்கு கார்பன் டையொக்சைட் ஏறுவதுதான், அதை இந்த மெஷின் பார்ப்பதே இல்லை.

நன்றாக இருக்கும் நாளில் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதும் கூடிய அளவு 400 என்றால், 320க்கு மேலே பச்சை, அதாவது பயமில்லை, 200க்குக் கீழே சிவப்பு, அதாவது ஆபத்து. சிவப்பு என்றாலோ, ஒரு வசனத்தை முடிக்க முடியாமல் இரண்டு மூன்று சொல்லாகப் பேசினாலோ, மார்க் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உடனே மூச்சைத் திறக்கும் நீலப் பம்பை (இன்ஹேலர்) அடித்துவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அப்பா "ஒண்டுமில்லை பிள்ளை" என்று கையை ஆட்டினாலும்.