எந்த வேலை பிடிக்கும் என்றே தெரியவில்லை, ராஜினாமா செய்துவிடலாமா?

ராஜினாமா இப்போது வேண்டாம். கணக்கு வேலை சலித்துவிட்டது, வேறு எது பிடிக்கும் என்றும் தெரியவில்லை என்கிறீர்கள். பதவிப் பெயர்களை வைத்தே யோசிப்பதால் குழம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிடிப்பதும் பிடிக்காததும் அன்றாடம் செய்யும் காரியங்களில் இருக்கிறது.

இரண்டு வாரம், வேலை முடிந்ததும் இரண்டே வரி எழுதுங்கள்: எதில் நேரம் போனதே தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டீர்கள். கணக்கு இடிக்கும் இடத்தைத் துருவிக் கண்டுபிடிப்பது பிடித்து, பில்களைப் பதிவதுதான் கசக்கிறது என்றால் தணிக்கைப் பக்கம் பாருங்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பிடித்தால் பயிற்சித் துறை.

அப்புறம், அந்த வேலையில் இருப்பவரிடம் "நேற்று என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "வேலை எப்படி?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும்.

தூக்கமே கெட்டுப்போயிருந்தால் நீங்கள் எழுதிய அந்த வரிகளை நம்ப வேண்டாம், அப்போது எல்லாமே கசக்கும். முதலில் கொஞ்சம் விடுப்பு எடுங்கள்.