கற்பனையாக மாற்றியமைத்த ஜெட் போர் விமானத்துக்கு நம்பும்படியான மாற்று வரலாறு எழுதுவது எப்படி?

வரலாற்றில் ஒரே ஒரு முடிவை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் விமானம் எப்படி மாறும் என்பதை அந்த முடிவே சொல்லட்டும். பிளாஸ்டிக் மாடல் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் கதை எழுதிவைப்பது என் பழக்கம். அதில் நான் அதிகம் பாடுபட்டது இந்தியாவிலேயே உருவான நம் மாருத் போர் விமானத்தோடுதான். அதையே உதாரணமாகச் சொல்கிறேன்.

முதலில் நிஜம். இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் போர் விமானமான ஃபோக்-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்த குர்ட் டாங்க், 1956-ல் இந்தியா வந்து பெங்களூரில் உருவாக்கிய விமானம் ஹெச்எஃப்-24 மாருத். 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது. ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தை மனதில் வைத்து வரைந்த உடல் அது. கிடைத்ததோ ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின். ஒன்றுக்குச் சுமார் 2,200 கிலோ உந்துவிசைதான். இரண்டு பூட்டியும் ஒலிவேகத்தைத் தொடவே திணறியது.

அதே சமயம் எகிப்தில் ஜெர்மானியரான மெஸ்ஸர்ஷ்மிட் வடிவமைத்த ஹெச்ஏ-300 போர் விமானம் உருவாகிக்கொண்டிருந்தது. 1964-ல் அதை முதலில் ஓட்டியவர் இந்திய விமானப்படையின் கபில் பார்கவா. அதற்காக ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் குழு ஆஃப்டர்பர்னரோடு வடிவமைத்த, ஆர்ஃபியஸைவிடப் பெரிய இ-300 எஞ்சினை ஒரு மாருத்தின் ஒரு பக்கத்தில் பூட்டி, மறுபக்கம் ஆர்ஃபியஸை வைத்து எகிப்திலேயே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1969-ல் எகிப்து தன் திட்டத்தையே கைவிட, எல்லாம் முடிந்தது.

நான் மாற்றியது இங்கேதான். என் கதையில் 1968-லேயே இந்தியா அந்த எஞ்சினின் வரைபடங்களையும் அச்சுகளையும் வாங்கி பெங்களூருக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

எஞ்சின் வந்ததும் வேகம் கூடியது என்று எழுதிவிட்டு நகர்ந்தால் கதை செத்துவிடும். பெரிய எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும், அதனால் பக்கவாட்டுக் காற்றுவாய்களை அகலப்படுத்தினேன். ஆஃப்டர்பர்னர் எரிபொருளைக் குடித்துத் தள்ளும், அதனால் இறக்கைக்கு அடியில் கூடுதல் டேங்க் இல்லாமல் அது எங்கும் போகாது. வால்பகுதியைப் பருமனாக்கினால் காற்றுத்தடை ஏறும். உள்ளூரில் ஆஃப்டர்பர்னர் பூட்டிப் பார்த்த நிஜ மாருத்திலேயே இந்தத் தொல்லை இருந்தது. ஆகவே வாலை நீட்டி, மெல்ல ஒடுங்கும்படி புட்டி (மாடலில் பூசி வடிவம் கொடுக்கும் பசை) வைத்துத் தேய்த்தேன். மாடலில் நான் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் கதையில் ஒரு காரணம் இருக்கிறது.

இன்னொன்று, ஆசையை அடக்க வேண்டும். முதல் வரைவில் இந்தப் புது மாருத்தை 1971 டிசம்பர் போரில் இறக்கினேன். பிறகு கிழித்துப்போட்டேன். 1968-ல் வரைபடம் வந்து மூன்றே வருடத்தில் ஒரு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) தயாராகாது. ராஜஸ்தான் எல்லையில் அந்த டிசம்பரில் தாழப் பறந்து போரிட்டது ஆர்ஃபியஸ் மாருத்துகள்தான், அந்தப் பெருமை அவற்றிடமே இருக்கட்டும். என் விமானம் 1974-ல்தான் சேவைக்கு வருகிறது. அதற்குள் நாசிக்கில் சோவியத் போர் விமானமான மிக்-21-இன் தயாரிப்பு வேரூன்றிவிட்டதால், இரண்டே ஸ்குவாட்ரன்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது.

எழுதும்போது 1970 ஜனவரி 10 என்ற தேதியில் என் கை நின்றுவிட்டது. மாருத்தை முதலில் பறக்கவிட்ட குரூப் கேப்டன் சுரஞ்சன் தாஸ், ஆஃப்டர்பர்னர் பூட்டிய மாருத்தைச் சோதிக்கப்போய், அன்று மேலெழும்போது விபத்தில் இறந்தார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எதையும் வளைக்கவில்லை. இ-300 கையில் இருந்தால் ஆர்ஃபியஸுக்கு ஆஃப்டர்பர்னர் பூட்டும் அந்தச் சோதனைக்கே தேவையிருக்காது. 1968-ல் மாற்றிய அந்த ஒரு முடிவு தானாகவே அவரிடம் வந்து சேர்ந்தது. என் கதையில் புது மாருத்தையும் முதலில் பறக்கவிடுபவர் அவர்தான். மாடலின் காக்பிட்டுக்குக் கீழே, மிக மெல்லிய தூரிகையால், அவர் பெயரை எழுதியிருக்கிறேன்.